டவர் வந்தால் ஆபத்தா? ஒரு அப்பாவின் கேள்வியும் இரண்டு பெட்டிகளும்!

கொடைக்கானல் மேல்மலை கிராமங்களில் செல்போன் டவர் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வரிகளில் முடிந்துவிடும். ‘டவர் வேணும்.’ ‘எங்க வீட்டுப் பக்கத்துல வேணாம்.’

மன்னவனூர் பக்கம் ஒரு பூண்டு விவசாயிக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய நிலை. அவருடைய தோட்டத்தின் மேட்டு ஓரத்தை டவர் அமைக்க வாடகைக்குக் கேட்டார்கள். 108-ஐ அழைக்கக்கூட ரோட்டு வளைவு வரை நடந்தால்தான் சிக்னல் கிடைக்கும் வீடு அது. மருமகள் ஏழு மாத கர்ப்பிணி. “அதுக்காகத்தான் டவர் வேணும்” என்றார் அவர். “அதுக்காகத்தான் வேணாங்கிறேன்” என்றார் மனைவி.

பஞ்சாயத்து, உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மகளிடம் வந்தது. “நீ படிச்ச புள்ள. கெடுதல் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு தாயி.”

மகளுக்கு அது சுலபமாகத்தான் தெரிந்தது. உயிரணுக்கள் வளரும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு போனை வைத்தால் போதும், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் முடிந்துவிடும். பேராசிரியை மூன்றே கேள்விகள் கேட்டார். “தட்டுக்குள்ள எவ்வளவு அலை போச்சுன்னு எப்படி அளப்ப? தட்டு சூடாகலைன்னு எப்படிச் சொல்வ? அலை படாத இன்னொரு தட்டு எங்கே?”

அவள் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன்பிறகுதான்.

கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் பண்பலையும் செல்போன் அலையும் ஒரே குடும்பம். எக்ஸ்-ரே போல டி.என்.ஏ.வை நேரடியாக உடைக்கும் சக்தி இவற்றுக்குக் கிடையாது. ஆனால், அளவு அதிகமானால் உடல் திசுவைச் சூடாக்கும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பண்பலை குழாய்த் தண்ணீர் போல இடைவிடாமல் வரும். 2ஜி போனோ பேசும்போது நொடிக்கு சுமார் 217 முறை விட்டுவிட்டுத் துடிக்கும். சூடு ஏறாதபோதும் இந்தத் துடிப்பு உயிரணுவை ஏதாவது செய்யுமா? விஞ்ஞானிகள் விடை தேடுவது இதற்குத்தான்.

இதற்காகவே தனிக் கருவிகள் இருக்கின்றன. 37 டிகிரியில் இருக்கும் இன்குபேட்டருக்குள், அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு உலோகப் பெட்டிகள். இரண்டிலும் உயிரணுத் தட்டுகள். ஒன்றில் மட்டும் அலை பாயும். எது என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்து மறைத்து வைத்துக்கொள்ளும். உயிரணுக்களை எண்ணி முடிக்கும்வரை ஆய்வாளருக்கே தெரியாது. தெரிந்தால் கண் தன் விருப்பத்துக்கு எண்ணிவிடும்! உலோகக் கம்பி அலையைக் குழப்பும் என்பதால், வெப்பத்தை அளக்கக் கண்ணாடி இழை சென்சார் வைக்கிறார்கள்.

முடிவுகள் என்ன? அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் விஜயலட்சுமி என்ற ஆய்வாளரின் குழு, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை 2 மணி நேரம் துடிப்பு அலைகளில் வைத்துப் பார்த்தது. 2006-ல் வெளியான முடிவின்படி, அலை பட்ட ரத்தத்துக்கும் படாத ரத்தத்துக்கும் குரோமோசோம் சேதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒப்பீட்டுக்காகக் காமா கதிர் செலுத்திய ரத்தத்தில் மட்டும் சேதம் தெளிவாகத் தெரிந்தது.

மாறாக, 2005-ல் வியன்னா குழு ஒன்று, விட்டுவிட்டு அலை செலுத்தியபோது டி.என்.ஏ. முறிந்ததாக எழுதியது. ஜெர்மனியின் உல்ம் நகரக் குழு அதே சோதனையைத் திரும்பச் செய்து, அப்படி எதுவும் தெரியவில்லை என்று 2007-ல் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2011-ல் இந்த அலைகளை ‘ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ என்ற பிரிவில் வைத்தது. உறுதியான ஆதாரம் இல்லை, முழுதாக ஒதுக்கவும் முடியவில்லை என்பதே இதன் பொருள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த மகள் அப்பாவிடம் சொன்னாள். “ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுப்பா. தட்டுல ரெண்டு மணி நேரம் இருந்த ரத்தம் வேற, வயித்துல வளர்ற புள்ள வேற. ஆனா பயப்படுற அளவுக்கு எதுவும் உறுதியா கண்டுபிடிக்கல. டவர் அலைக்கு உலக அளவுல வச்ச வரம்புல பத்துல ஒரு பங்குதான் 2012 செப்டம்பர்ல இருந்து நம்ம நாட்டுல அனுமதி. மத்திய அரசோட ‘தரங் சஞ்சார்’ தளத்துல பணம் கட்டினா வந்து அளந்தும் காட்டுவாங்க.”

அம்மா விடவில்லை. “அளந்து சீட்டைக் காட்டட்டும். அப்புறம் பேசலாம்.” அப்பாவும் டவர்காரர்களிடம் அதையே நிபந்தனையாக வைத்தார்.

வீட்டை அதிகம் யோசிக்க வைத்தது மகள் கடைசியாகச் சொன்ன விஷயம். சிக்னல் குறைவான இடத்தில், தூரத்து டவரை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். எங்கோ நிற்கும் டவரைவிட, காதோடு ஒட்டிய போனிலிருந்துதான் உடலுக்கு அதிக அலை வரும். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகவே பேசும்.

“அப்போ இத்தனை நாளா அந்த வளைவுல நின்னு காதுல வச்சுப் பேசினது?” என்று கேட்டார் அம்மா.

இப்போது மருமகள் போனில் பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவது மாமியாரின் வேலை. டவர் இன்னும் வரவில்லை.