எந்தப் பரீட்சை எமக்கு ஏற்றது?

எமது நிலையத்தின் மாலைநேர ஆங்கில வகுப்புக்கு வரும் சகோதரிகளில் சிலர் இன்று நன்றாகவே ஆங்கிலம் பேசுகிறார்கள். வெளிவாரியாகப் பட்டம் பெற்றுவிட்டு, முதுமாணிப் படிப்புக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் தேடுபவர்களும் அவர்களுள் உண்டு. 1995 இடம்பெயர்விலும் 2009 வரையான யுத்தத்திலும் படிப்பை இடையில் விட்டவர்கள் இவர்கள். "எந்தப் பரீட்சைக்குப் போறது தங்கச்சி?" என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்.

நான் ஆங்கில ஆசிரியை அல்ல. சமூகவியல் படித்த சமூகப் பணியாளர். ஆனாலும் அவர்களோடு இருந்து விண்ணப்பப் படிவங்களை நிரப்பியதில் ஒன்று விளங்கியது. பரீட்சை பொருத்தமில்லாவிட்டால் திறமையும் வெளித்தெரியாது, சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் போய்விடும்.

முன்பள்ளி ஆசிரியையான ஒரு அக்கா இலக்கண வினாத்தாளில் 90 புள்ளிக்குக் குறைய எடுப்பதில்லை. ஆனால் ஒரு கட்டுரையின் கருத்தைச் சொந்த வசனத்தில் எழுதச் சொன்னபோது அவரது பேனை நகரவில்லை. பல்கலைக்கழகத்தில் இடைவெளி நிரப்பும் வேலை இல்லை. விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும், நீண்ட கட்டுரைகளை வாசிக்க வேண்டும், காரணம் காட்டி எழுத வேண்டும். அவற்றையே செய்வித்துப் பார்க்கும் கணிப்பீடுதான் அவருக்குத் தேவை.

இப்போது வகுப்பில் மாதம் ஒருமுறை பத்து நிமிட விரிவுரை, இரண்டு பக்க வாசிப்பு, அதிலிருந்து ஒரு கட்டுரை. கருத்து, ஒழுங்கு, சொல்வளம், இலக்கணம் எனத் தனித்தனியே ஆசிரியை குறிப்பெழுதுவார். தாள்கள் யாவும் ஒரு கோவையில் சேரும். முதல் மாதத் தாளையும் இம்மாதத் தாளையும் அருகருகே வைத்தால் முன்னேற்றம் தானே தெரியும்.

பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சை வேறு. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் கல்விசார் வகை, பொதுப் பயிற்சி வகை என இரண்டு உண்டு. பட்டப்படிப்புகளுக்குக் கேட்கப்படுவது முதலாவது. கேட்டலும் பேச்சும் இரண்டிலும் ஒன்றே. வாசிப்பும் எழுத்தும் வேறுபடும். பொது வகையில் கடிதம் எழுதும் இடத்தில், கல்விசார் வகையில் வரைபையோ அட்டவணையையோ விளக்க வேண்டும். தனியார் வகுப்பொன்றில் மாதக்கணக்காகக் கடிதம் எழுதிப் பழகிய பின்னரே ஒரு சகோதரிக்கு இது தெரியவந்தது. இந்தப் பரீட்சையில் சித்தியும் இல்லை, தவறுதலும் இல்லை. 9 வரையான அளவில் எவ்வளவு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கும். பெறுபேறு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படும்.

பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடங்கள். தொடக்கத்தில் வீடு, குடும்பம், தொழில் பற்றிக் கேட்பார்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு அக்கா, பயிற்சியின்போது குடும்பத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சற்றுப் போனார். அங்கே பார்க்கப்படுவது எமது ஆங்கிலம் மட்டுமே. எமது இழப்பை எவருக்கும் ஒப்புவிக்க வேண்டியதில்லை. "எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் தாதியாகப் படிக்கிறாள்" என்று நாம் விரும்பும் பக்கமாகப் பதிலைக் கொண்டுபோகலாம். அந்த அக்கா அதை இப்போது பழகி வருகிறார்.

சகோதரிகளே, பணம் கட்டுமுன் நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடம் எந்தப் பரீட்சை, எவ்வளவு புள்ளி, எந்தத் திகதிக்குள் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதன்பின் வகுப்பைத் தேடுங்கள்.