கூரையைக் கழற்றிய நாள்

என் அண்ணன் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இரண்டு கதவு வண்டி. அவர் போய் எட்டு வருடம் ஆகிறது. போன ஐப்பசி மழையில் அதன் முன்சீட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

இந்த வண்டியை வரைந்தவர் மிக்கெலோத்தி என்ற இத்தாலியர். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் செய்தார்கள். இதன் கூரையைப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். கழற்றினால் பின்கண்ணாடியோடு சேர்ந்து கூரை தனியே வந்துவிடும். முன்கண்ணாடிச் சட்டத்திலும் பின்பக்கத்திலும் கூரை உட்காரும் இடத்தில் ரப்பர் பட்டை உண்டு. மெக்கானிக்குகள் 'பீடிங்' என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது 'ஜ்வேன்'. சேர்ப்பது என்று பொருள்.

அந்த ரப்பர் வயதாகி விறைத்துப்போயிருந்தது. அதை மாற்றாமல், ஒவ்வொரு மழைக்கும் மேலாக சிலிக்கான் பசையைப் பூசிக்கொண்டே வந்தேன். கோப்பைத் தீர்க்காமல் குறிப்பு எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளும் குமாஸ்தா புத்தி! கூரையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. காரணம் இருந்தது.

1976இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூரையைக் கழற்றிவிட்டு, "வாடா, கடற்கரைச் சாலையில ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார். "நான் கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கேன்ணே, நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க" என்று மறுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கூப்பிடவும் இல்லை.

இந்த வருடம் பிரான்சிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தான். "சித்தப்பா, அப்பா வண்டி வீணாப் போகுது. வித்துடலாமா?" என்றான். ஒழுகலை நிறுத்திவிட்டுப் பேசலாம் என்றேன்.

அவனும் நானும் தெரிந்த மெக்கானிக் ஒருவருமாகக் கூரையைத் தூக்கி வைத்தோம். என் சிலிக்கானுக்கு அடியில் தகடு துருப்பிடித்திருந்தது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நான்தான் அடைத்து வைத்திருக்கிறேன். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

பழைய பசையை மூங்கில் சீவலால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவினோம். தின்னர் போட்டால் பெயிண்ட்டையும் தின்றுவிடும். துருவை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தோம். முதலில் வாங்கிய பீடிங் தடிமன். கூரை உட்காரவில்லை, போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரவில்லை. அதன்பின் பழைய ரப்பரில் நசுங்காமல் இருந்த ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனோம். நாலாவது கடையில் அதே வாகில் கிடைத்தது.

ஒட்டும்போது ரப்பரை இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் நாளடைவில் சுருங்கி, மூலையில் இடைவெளி விடும். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, நெருக்கித் தள்ளி ஒட்ட வேண்டும்.

பசை காய ஒரு நாள் விட்டோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கூரை இல்லாத வண்டியில், மெதுவாகக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். மகன் ஓட்டினான். நாலு பேர் பார்த்தார்கள். ஒருவர் கையாட்டினார். நானும் ஆட்டினேன். காற்றில் கண்ணில் நீர் வந்தது. காற்று என்றே சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து கூரையை ஏற்றி, எல்லா போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக முடுக்கினோம். ஒரே பக்கம் முடுக்கினால் ரப்பர் ஒருபுறம் நசுங்கி மறுபுறம் தூக்கிக்கொள்ளும். பிறகு நான் உள்ளே உட்கார, மகன் தோட்டத்துக் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் அடித்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை.

இந்த ஐப்பசியின் முதல் மழை நேற்று பெய்தது. காலையில் மிதியடிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மகனுக்குப் போன் செய்து சொன்னேன். விற்கும் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.