புனர்வாழ்வு

ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் புதிய போதைப்பொருள் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. கஞ்சா போன்றவற்றைப் பாவித்து முதற்தடவை பிடிபடுபவருக்கு மூன்று மாதத்துக்குக் குறையாத சிறை, அல்லது 20,000 முதல் 100,000 திர்ஹம் வரை அபராதம். இவற்றுக்குப் பதிலாக நீதிமன்றம் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் அனுப்பலாம் என்று அதில் எழுதினார்கள். நல்ல விடயம்தான். நான் டுபாயில் கோப்பை கழுவிய 2014இல் இருந்தது 1995ஆம் ஆண்டுச் சட்டம்: குறைந்தது நான்கு வருடம். 2008இல் ஒரு பிரித்தானியருக்குச் சப்பாத்தடியில் ஒட்டியிருந்த 0.003 கிராம் கஞ்சாவுக்காக அந்த நான்கு வருடத்தை விதித்தார்கள். (குருமாவுக்குக் கசகசா போடவும் தடை. எங்கள் குசினியில் கஜு அரைத்துச் சமாளித்தோம்.)

பழைய சட்டத்திலும் ஒரு கதவு இருந்தது. தானாக வந்து சிகிச்சை கேட்பவர்மீது வழக்கில்லை. எங்கள் அறையில் ஒரு முல்லைத்தீவுப் பெடியன் இருந்தான். காலில் செல் துண்டு. பன்னிரண்டு மணித்தியாலம் நிற்பதற்காக ட்ரமடோல் குளிசை போடத் தொடங்கியவன், பிறகு குளிசை இல்லாமல் எழும்பவே முடியாதவனானான். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் சட்டம் படித்த புத்தியில் அந்தப் பிரிவை அவனுக்கு விளங்கப்படுத்தினேன்.

"புனர்வாழ்வோ அண்ணை? அது நான் ஒருக்கா முடிச்சிட்டன்" என்றான்.

2009இல் சரணடைந்த ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேரை அடைத்துவைத்ததற்கு இலங்கை அரசு வைத்த பெயரும் அதுதான். முன்னாள் போராளிகளை வைத்திருந்த கந்தகாட்டில்தான், நீதிமன்றங்கள் அனுப்பிய போதைக்காரரையும் பின்னர் இராணுவம் வைத்திருந்தது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்துபோக, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள்.

சிகிச்சை முடிந்தபிறகு என்ன என்பதுதான் அவனுடைய கேள்வி. லீவு கேட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணம் கேட்கும் முதலாளியிடம்தான் விசாவும் பாஸ்போட்டும். விசா போனால் கட்டுநாயக்கா. அகதி என்று சொல்லவும் அங்கே இடமில்லை. வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. சிறையைவிட அவனுக்குச் சிகிச்சைதான் பயமாக இருந்தது.

ஒரு கிழமை குளிசை கொண்டுவருபவன் வரவில்லை. மூன்று இரவு வாந்தியும் நடுக்கமுமாக மேல்கட்டிலில் கிடந்தான். முறைவைத்து ஈரத்துவாய் போட்டோம். சூப்பர்வைசருக்குக் காய்ச்சல் என்றோம். நாலாம் நாள் வேலைக்கு வந்தான். முகம் தெளிந்திருந்தது, சாப்பிடவும் செய்தான். கால்தான் வீங்கியிருந்தது. அடுத்த கிழமை குளிசைக்காரன் வந்துவிட்டான்.