கைக்கு வேலை, காதுக்கு?

தோவாளை என்றால் பூ. பொழுது புலருமுன்னே பிச்சியும் முல்லையும் அரளியும் மலை மலையாய்க் குவியும் சந்தை அது. ஓணம் வந்துவிட்டால் கேரளமே இங்கு கூடை ஏந்தி நிற்கும். செவ்வரளியையும் வெள்ளரளியையும் நொச்சியிலையோடு மடித்துக் கோத்து, மணி பதித்தாற்போல் இங்கே ஆக்கப்படும் மாணிக்க மாலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மாலைக்குப் பெருமை வந்தது, மகிழ்ச்சி! மாலை கட்டியவளுக்கு? ஓர் எழுத்தாளரை நேரில் கண்டு, அவர் உரையைக் கேட்டு, ஒரே ஒரு வினா விடுக்கும் வாய்ப்பேனும் அவளுக்கு வந்ததுண்டா? அதைத்தான் கேட்கிறோம், தோழர்களே!

நாம் பள்ளி ஆசிரியர். பகலெல்லாம் கரும்பலகை, பொழுது சாய்ந்தால் படிப்பகம். நூல் எழுதியவரை அழைப்பதும், சுவரொட்டி ஒட்டுவதும், நாற்காலி சுமப்பதும் நமக்குக் கைவந்த பணிகள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கும். மாணவர் வருவர், ஓய்வுபெற்றோர் வருவர், இயக்கத் தோழர் வருவர். பெண்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"அவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று ஒரு சொல்லில் தீர்ப்பளித்துவிடுகிறார்கள் சிலர். ஆர்வமா இல்லை? அந்த ஆறு மணிக்கு அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எவரேனும் எட்டிப் பார்த்ததுண்டா? திண்ணையில் இருக்கிறார்கள். மடியில் அரும்பு, விரலில் நார். இதழ் விரியுமுன் கட்டி முடித்தாக வேண்டும். நன்றியுரை முடியட்டும் என்று பிச்சி அரும்பு காத்திருக்குமா? நம் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து முந்திக்கொண்டு விடை சொல்லும் மாணவியும், மணி அடித்ததும் அந்தத் திண்ணைக்குத்தான் ஓடுகிறாள். வராதவரைக் குறை கூறுமுன், வர முடியாத நேரத்தைக் குறித்தவர் யார் என்று கேட்பதன்றோ பகுத்தறிவு?

சொல்லின் ஆற்றலை அறியாத மண்ணன்று இது. தோவாளை வட்டத்தின் தலைமையிடமான பூதப்பாண்டியில் 1907இல் பிறந்தவர் ஜீவானந்தம். கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். தன்மான இயக்க மேடைகளில் முழங்கினார். பின்னர் பொதுவுடைமை மேடைகளில் முழங்கினார். பாரதியையும் கம்பனையும் புலவர் கூட்டத்தினின்றும் இறக்கி, உழைத்துக் களைத்த மக்களின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். 1961இல் கலை இலக்கியப் பெருமன்றம் கண்டார். 1963இல் அவர் மறைந்தார். கேட்டவர் நெஞ்சில் அந்தக் குரல் மறையவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் இந்த வட்டம் தமிழகத்தோடு இணைந்ததும், எத்தனையோ மேடைகள் முழங்கிய பின்னர்தானே!

மேடை என்பது ஒருவர் முழங்கப் பலர் தலையாட்டும் இடமா? 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில், கம்பராமாயணம் பற்றிய சொற்போரில் ஒருபுறம் அறிஞர் அண்ணா, மறுபுறம் ரா.பி. சேதுப்பிள்ளை. அடுத்த மாதமே சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிரெதிரே நின்றனர். மாற்றுக் கருத்தினருக்கும் அதே மேடையில் இடம் தந்து, எடை போடும் பொறுப்பை மக்களிடம் விட்ட மாண்பு அது! கேள்வி கேட்க இடமில்லாத கூட்டத்துக்கும் கதாகாலட்சேபத்துக்கும் வேறுபாடு என்ன?

இலண்டனில் கொல்லர் மகன் ஒருவன் நூல் கட்டும் கடையில் வேலை பழகி வந்தான். 1812இல் அறிவியலறிஞர் டேவியின் சொற்பொழிவுகள் நான்கைக் கேட்டான், குறிப்பெடுத்தான், அதைக் கட்டிச் செப்பனிட்டு அவருக்கே அனுப்பினான். மறு ஆண்டே அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். அவன்தான் மைக்கேல் பாரடே! அரங்கில் நுழையும் சீட்டு அவன் காசு கொடுத்து வாங்கியதன்று. கடைக்கு வந்துபோன ஒருவர் கொடுத்தது. நம் திண்ணைகளில் எத்தனை பாரடேக்களோ! சீட்டு நீட்டும் கைதான் இல்லை.

சீட்டு நீட்டினாலும் அவர்களால் வேலையை விட்டு எழ இயலாதே என்பீர்கள். சொல் எழுந்து வரலாமே! 1865இல் கியூபாவின் அவானா நகரில், எல் பிகரோ என்னும் சுருட்டாலையில் ஒரு புதுமை பிறந்தது. தொழிலாளர் சுருட்டுச் சுற்ற, ஒருவர் உரக்கப் படித்தார். படிப்பவருக்கு ஊதியம் தொழிலாளரே தந்தனர். கை புகையிலையில், காது ஏட்டில், வரலாற்றில், நாவலில்! ஆட்சியாளர் அஞ்சினர், 1866இல் தடை போட்டனர். தடை மாண்டது, படிப்பு மீண்டது, இன்றும் அந்நாட்டில் அவ்வழக்கம் வாழ்கிறது. அத்தனை தொலைவு போவானேன்? கண்ணூரில் பீடித் தொழிலாளருள் ஒருவர் நாளேடு படிக்க, அவர் பங்குப் பீடியை மற்றவர் சுற்றிக் கொடுத்தனர். தமிழகத்திலோ தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் படிக்க, எழுத்தறியாத பலர் கேட்டுத் தெளிந்தனர். அப்படி வளர்ந்ததுதானே இயக்கம்!

இதை எண்ணித்தான், ஒரு விடுமுறை நாளில் கதாசிரியர் ஒருவரை நாமும் நண்பர் சிலரும் பூக்கட்டும் திண்ணைக்கே அழைத்துச் சென்றோம். மேடை இல்லை, பொன்னாடை இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இருபது நிமிடம் தம் கதை ஒன்றைச் சொன்னார்: வீட்டை விட்டு வெளியேறி, நகரத்தில் தனித்து வாழத் துணிந்த பெண்ணின் கதை. விரல்கள் நிற்கவேயில்லை. கதை முடிந்ததும் ஒரு மூதாட்டி நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் கூலி எவ்வளவுன்னு எழுதலியே, சாரே?"

கதாசிரியர் ஒரு கணம் திகைத்தார். "எழுதியிருக்க வேண்டும், அம்மா" என்றார். பிறகு பேச்சு வாடகைக்குத் தாவியது; வாடகையிலிருந்து சீதனத்துக்கு, சீதனத்திலிருந்து படிப்புக்கு. ஒரு மணி நேரம் ஓடியது தெரியவில்லை. அந்த வினாவை எந்த மண்டபத்திலும் எவரும் கேட்டதில்லை என்றார் கதாசிரியர், திரும்பும் வழியில்.

"இப்படித் திண்ணை திண்ணையாய்ப் போனால் மேடையின் மதிப்புக் குறையாதா?" என்று பெரியவர் ஒருவர் கவலைப்பட்டார். கூலியைப் பற்றிக் கேட்டதால் இலக்கியத்தின் மதிப்புக் குறைந்ததா, கூடியதா? மண்டபம் வேண்டாம் என்போமல்லோம். மண்டபம் மட்டும் போதாது என்கிறோம். மூன்று கூட்டங்களில் ஒன்றாவது வேலை நடக்கும் இடத்தில் நடக்கட்டும். பேச்சு இருபது நிமிடம் என்றால் வினாவுக்கு நாற்பது நிமிடம் இருக்கட்டும். முதல் வினா பெண்ணுடையதாகட்டும். பொன்னாடைக்குச் செலவாகும் பணம் நூல்களாகித் திண்ணைக்கே போகட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும் தோழர், மண்டபத்துச் சாவியைத் தேடிப் போகுமுன், திண்ணைக்குப் போய் ஒரு சொல் கேட்கட்டும்: "நாங்கள் எந்த நேரம் வரலாம், அம்மா?"