பண்ணைக்காட்டுக்கு வருபவருக்குப் பத்து வார்த்தை

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலையில் ஊத்துப் பக்கம் பிரிந்து போனால் பண்ணைக்காடு. கீழ்ப்பழனி மலையில் இருக்கும் பேரூராட்சி. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பி, இடையிடையே மலைவாழை, பலா, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், பந்தலில் சௌசௌ என்று ஒரே நிலத்தில் நாலைந்து வருமானம் பார்க்கும் ஊர். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தடியன்குடிசையிலும் இருப்பது இந்தப் பகுதிக்குப் பலம்.

கொடைக்கானல் ஏரி, தூண்பாறை எல்லாம் பார்த்தவர்கள், கூட்டம் இல்லாத இடம் தேடி இந்தப் பக்கமும் வருகிறார்கள். கேரளத்தவர், கர்நாடகத்தவர், வடநாட்டவர், எப்போதாவது வெளிநாட்டவர். கடையில் காப்பி குடிக்கவும் பழம் வாங்கவும் அவர்களுக்கு மொழி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கையைக் காட்டினால் போதும். விலையை விரலால் சொல்லிவிடலாம். தோட்டத்துக்குள் கால் வைத்த பிறகுதான் சிக்கல்.

கோடை மழை விழுந்து பத்து நாளுக்குள் காப்பி பூக்கும். மல்லிகை போல வெள்ளை வெளேரென்று, வாசனையோடு. சுற்றுலா சீசனும் அதை ஒட்டியே வரும். போட்டோவுக்காகக் கிளையை வளைத்துப் பூவைப் பறிப்பவருக்கு, அந்தப் பூதான் காப்பிப் பழமாக வேண்டும் என்பது தெரியாது. ‘தொடாதீங்க’ என்று தோட்டக்காரர் சத்தம் போட்டாலும், ஏதோ வரவேற்கிறார் என்று சிரித்துக் கையசைப்பார்.

வாழைக்கன்று அதைவிடப் பெரிய விஷயம். விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டு மலைவாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழனி பஞ்சாமிர்தத்துக்கு ருசி கொடுப்பது விருப்பாச்சிப் பழம்தான். இந்த மலைவாழையை முன்பு பெருமளவு அழித்தது முடிக்கொத்து நோய். வைரஸால் வருவது, அசுவினி பரப்பும், நோயுள்ள கன்றோடும் ஊர்விட்டு ஊர் போகும். ஆசைக்கு ஒரு கன்றைத் தோண்டிக் காரில் போட்டுக்கொள்பவர் நோயையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகக்கூடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் காட்டுமாடு. சாதுவாக மேய்வதுபோல்தான் நிற்கும்; நெருங்கினால் முட்டித் தூக்கிவிடும். செல்போனோடு அதன் கிட்டே போகிறவரைப் பார்த்து ‘போகாதீங்க’ என்று கத்துகிறார் வேலைக்கு வந்த அம்மா. புரியவில்லை என்றால் அது உயிரோடு விளையாட்டு.

வெளியூர் போகிறவர்களுக்கான மொழிப் புத்தகங்கள் கேட்பதற்கான சொற்களையே சொல்லித் தரும். ‘விலை என்ன, வழி எது, சாப்பாடு எங்கே’ என்பவை அவை. மலைக்கு வருபவர் காதில் விழுந்ததும் புரியவேண்டிய சொற்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்வதற்கு ஐந்து: வணக்கம், உள்ளே வரலாமா, பறிக்கலாமா, என்ன விலை, போதும். புரிந்துகொள்வதற்கு ஐந்து: நில்லுங்க, போகாதீங்க, தொடாதீங்க, வழுக்கும், காட்டுமாடு. இந்தப் பத்தைக் கற்க ஒரு டம்ளர் காப்பி குடிக்கும் நேரம் போதும்.

மலையாளம் பேசுபவருக்கு இதெல்லாம் எதற்கு, பாதி தமிழ்தானே என்று நினைக்கலாம். ஏமாற்றுவதே அந்தப் பாதிதான். அவர் ‘வெள்ளம்’ என்றால் குடிதண்ணீர். ‘முளகு’ என்றால் மிளகாய். நாம் மிளகை எடுத்து நீட்டுவோம். அவர்கள் ஊரில் மிளகுக்குப் பெயர் ‘குருமுளகு’. பலாப்பழத்தைப் பார்த்து ‘சக்க’ என்பார். நல்ல பழத்தைச் சக்கை என்கிறாரே என்று கோபப்படக்கூடாது. ‘தொடருது’ என்றால் அங்கே ‘தொடக்கூடாது’ என்று பொருள். காட்டுமாடு அவர்களுக்குக் ‘காட்டுபோத்து’.

அந்தச் ‘சக்க’ கடல் தாண்டிய கதையும் உண்டு. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததைத் தொடர்ந்து, போர்ச்சுகீசியர் மலபாரில் வியாபாரம் செய்தார்கள். சரக்கின் பெயரை ஊர்க்காரர் வாயிலிருந்தே கற்றுக்கொண்டார்கள். சக்க அவர்கள் வாயில் ‘ஜாக்கா’ ஆனது. அதிலிருந்து ஆங்கிலத்தில் ‘ஜாக்ஃப்ரூட்’. வெற்றில ‘பீட்டல்’ ஆனதும் அப்படித்தான். மிளகு வாங்கக் கப்பலேறி வந்தவர்களுக்கே உள்ளூர் வார்த்தை தேவைப்பட்டது.

தோட்டம் பார்க்க ஆள் வரும் வீடுகளில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பத்துச் சொல்லையும் தமிழ் உச்சரிப்பு மாறாமல் ஆங்கிலம், மலையாளம், இந்தி எழுத்துகளில் ஒரு தகரப் பலகையில் எழுதி வாசலில் மாட்டலாம். காட்டுமாட்டுக்கு ஒரு படம் வரைந்தால் போதும். எழுதித் தர பள்ளிக்கூடப் பிள்ளைகளே போதுமானவர்கள். பலகையை மாட்டிவிட்டு இருந்துவிடக்கூடாது. வருபவரை உள்ளே விடும் முன், புரிந்துகொள்ள வேண்டிய ஐந்தையும் வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். வாயால் சொன்னது காதில் விழும்போது சட்டென்று பிடிபடும். தோட்டத்தில் வேலை செய்பவர்களும் அவசரத்தில் அந்த ஐந்து சொல்லையே பயன்படுத்தப் பழக வேண்டும். ஆளுக்கொரு விதமாகக் கத்தினால் கற்றுக்கொண்டவரும் குழம்பிப்போவார்.