அம்மாவின் பங்கு

ஞாயிறு திருப்பலி கண்டு வீடு திரும்புகையில் கோழிக் குழம்பின் மணம் தெருமுனையிலேயே வரவேற்கும். மாதத்திற்கு ஒரு முறையோ இரு முறையோதான் அந்தப் பாக்கியம். சிவகாசியில் அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டினார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால்தான் ஞாயிறன்று அடுப்பில் கறி ஏறும். கோழி ஒன்று; உண்போர் ஏழு பேர். தொடைக்கறி அப்பாவுக்கும் அண்ணனுக்கும், நெஞ்சுக்கறி எங்களுக்கு, ஈரல் கடைக்குட்டிக்கு. எல்லாரும் எழுந்த பின் அமரும் அம்மாவின் தட்டில் இரண்டு இறக்கைகளும் கழுத்தும் கிடக்கும். "எனக்கு றெக்கைதான் பிடிக்கும்" என்பார். நாங்களும் நம்பினோம்.

சென்ற ஆண்டு என் மகள் முதல் சம்பளம் வாங்கினாள். அப்பத்தாவுக்கு விருந்து வைக்க வேண்டும் என்று எங்கள் அனைவரையும் விருதுநகருக்கு அழைத்துச் சென்றாள். எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பேர்போன ஊர் அது. ஆனால் அவள் கூட்டிச் சென்றது குளிரூட்டிய புதிய உணவகம் ஒன்றிற்கு. "அப்பத்தாவுக்கு றெக்கைதானே பிடிக்கும்!" என்று சொல்லி, 'சிக்கன் விங்ஸ்' வரவழைத்தாள். செந்நிறக் குழம்பில் புரண்டு பளபளத்த ஆறு துண்டுகள் வந்தன. விலையைக் கேட்ட அம்மா திகைத்துப் போனார்.

"இதுக்கா தாயி இவ்வளவு காசு?" என்றார். பிறகு மெல்லச் சிரித்து, "எனக்கு முதல்ல பிடிக்கத்தான் இல்லை. மிச்சம் இருந்தது அதுதான். தின்னுத் தின்னுப் பழகிப்போச்சு. பழகினதும் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொல்வதுபோலவே சொன்னார். எனக்குத்தான் உணவு இறங்கவில்லை.

மிச்சப் பண்டமாக இருந்த இறக்கை விருந்துப் பண்டமான கதையும் சுவையானதே. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் 'ஆங்கர் பார்' என்ற உணவகத்தை இத்தாலிய வழிவந்த பெல்லிசிமோ குடும்பத்தார் நடத்தினர். அக்காலத்தில் கோழி இறக்கை அங்கும் சூப்பு வைக்கும் சட்டிக்கே போகும். 1964-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சுத்தபோசன நாளாகையால் நள்ளிரவு கடந்தால்தான் இறைச்சி உண்ண முடியும். அவர்களுக்கு அந்நேரத்தில் ஏதேனும் செய்து தரும்படி மகன் டொமினிக் கேட்க, தாய் தெரேசா இறக்கைகளை எண்ணெயில் பொரித்துக் காரக் குழம்பில் புரட்டித் தந்தாராம். இது மகன் சொன்ன கதை. தந்தை பிராங்க் வேறு விதமாகச் சொன்னார். எவ்வாறாயினும், அக்குடும்பத்தார் சொல்வதன்படி, இன்று உலகெங்கும் பரவிவிட்ட அப்பண்டம் ஒரு தாயின் கையில் பிறந்தது.

அதில் அப்படி என்னதான் ருசி? இறக்கையில் சதை குறைவு, தோல் மிகுதி. சூட்டில் தோலின் கொழுப்பு உருகி வெளியேற, மேற்புறம் உலர்ந்து பொன்னிறமாகிறது. மொறுமொறுப்பும் மணமும் அங்கே பிறக்கின்றன. உள்ளிருக்கும் சவ்வு இளகிச் சதை வழுவழுப்பாகிறது. உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு நான்கும் நாவை ஒன்றாகத் தாக்குகின்றன. போதாக்குறைக்கு, எலும்பைக் கையில் பிடித்துக் கடித்து, பேசிக்கொண்டே உண்ணும் இன்பம் வேறு.

ஆனால் சத்துக் கணக்கு வேறு. வாங்கும் இறக்கையில் ஏறத்தாழப் பாதி எடை எலும்பே. தோலுடன் வாட்டிய இறக்கைக்கறி 100 கிராமில் 27 கிராம் புரதம் உண்டு. கூடவே ஏறக்குறைய 20 கிராம் கொழுப்பும், 290 கலோரியும் உண்டு. மாவில் தோய்த்துப் பொரித்தால் 320 கலோரியை எட்டும். தோல் நீக்கி வாட்டிய நெஞ்சுக்கறியிலோ 31 கிராம் புரதம்; கொழுப்பு 4 கிராமுக்கும் குறைவு; கலோரி 165 மட்டுமே. உணவகக் குழம்பின் உப்பையும் மறக்கலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் உடலுக்குப் பகையே. ஆகவே எப்போதாவது ஒரு நாள் கூடி உண்டு மகிழலாம். வாரந்தோறும் கூலியை அதில் கரைப்பது தகாது.

அன்று வீடு திரும்பியபின் இன்னொன்று என் மனத்தை உறுத்தியது. அடுத்த ஞாயிறன்று உணவு வேளையில் என் மனைவியின் தட்டைக் கவனித்தேன். இறக்கையும் கழுத்தும்! இருபத்தைந்து ஆண்டுகளாக எதிரே அமர்ந்து உண்டவன் அன்றுதான் அதைக் கண்டேன். "உனக்கும் இதுதான் பிடிக்குமா?" என்றேன். அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். சில நாட்களாக அவளுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சிரைக்கும். வயதின் தளர்ச்சி என்று நான் எண்ணியிருந்தேன். இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9 கிராம் என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையலாகாது.

இது என் வீட்டுச் செய்தி மட்டுமன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். இறக்கைக்கறி 100 கிராமில் இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிகிராமே. கோழி ஈரலிலோ ஒன்பது. அந்த ஈரல் யாருடைய தட்டுக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்! பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் பகலெல்லாம் உழைத்து, அந்தியில் அடுப்பை மூட்டும் தாய்மார்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இப்போது எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாகவே அமர்கிறோம். மருத்துவர் தந்த மாத்திரையோடு முருங்கைக்கீரையும், பயறும், எலுமிச்சை பிழிந்த ஈரல் வறுவலும் என் மனைவிக்கு உண்டு. உணவை ஒட்டித் தேநீர் அருந்துவதை அவள் நிறுத்திவிட்டாள். அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாதாம். இறக்கைகள் இரண்டும் முறை வைத்து எங்களுக்குள் சுற்றி வருகின்றன. சென்ற ஞாயிறன்று முறை என்னுடையது. அம்மாவின் தட்டில் தொடைக்கறியை வைத்தபோது, "எனக்கு எதுக்குப்பா?" என்று பழக்கத்தில் கேட்டார், பிறகு மறுக்காமல் உண்டார்.

எருசலேமை நினைத்து வருந்திய நம் ஆண்டவர், குஞ்சுகளைத் தன் இறக்கைக்குள் சேர்த்துக்கொள்ளும் தாய்க்கோழிக்குத் தம்மை ஒப்பிட்டார். அப்படி நம்மை அணைத்துக் காத்த தாய்மாருக்கு நாம் திருப்பித் தந்தது இறக்கையின் எலும்பை மட்டுந்தானா? அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து உணவுக்கு அமர்கையில், முதல் தட்டை யாருக்கு இடுவது என்று ஒவ்வோர் இல்லமும் எண்ணிப் பார்க்கட்டும்.