எங்கள் தோழியின் வலத்தோள்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழம்மா வகுப்பில் அறிவித்ததும், வழக்கம்போல் பைன் மரக் காட்டுக்குச் சென்ற சுற்றுலாவை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினோம். ஆனால் இந்த ஆண்டு எங்கள் விடுதி அறையில் நடந்த பேச்செல்லாம் ஒரு தோளைப் பற்றியதாகவே இருந்தது. அவளிடம் அனுமதி கேட்டோம். "எழுதுங்கடி. ஆனா பேரைப் போடாதீங்க. ஆண்டு விழாவுக்கு வர்ற ஆன்ட்டிங்க எல்லாம் என் தோளைத் தொட்டுப் பார்ப்பாங்க" என்றாள். ஆகவே இக்கட்டுரையில் அவள் வெறும் 'அவள்'தான்.

கொடைக்கானலில் படிக்கும் பெண்ணுக்கு நீச்சலா என்று பெற்றோர் சிலர் வியக்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், ஒரு வாளி வெந்நீருக்கே வரிசையில் நிற்பவர்கள் நாங்கள். 1863இல் லெவிஞ்சு துரை உருவாக்கிய ஏரி இருக்கிறது. ஆனால் அது படகுக்குத்தான். அவளோ மதுரைக்காரி. ரேஸ்கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளத்தில் ஆறு வயதில் இறங்கியவள். பள்ளி நாள்களில் மலையில் சும்மா இருப்பாள். விடுமுறை வந்ததும் வத்தலக்குண்டு வழியாகக் கீழே இறங்கி, விட்டதையெல்லாம் பிடிப்பதுபோல் காலையும் மாலையும் நீந்துவாள். இதுவே தோளுக்குப் பகை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 25 மீட்டர் குளத்தை ஒருமுறை கடக்க இரு கைகளும் சேர்ந்து 20 முறை சுழலும் என்றாள். மூன்று கிலோமீட்டர் என்றால் 120 நீளம், 2,400 சுழற்சி. ஒரு தோளுக்கு 1,200. ஒரு நாளைக்கு! உயிரியல் மிஸ் இதைக் கேட்டுவிட்டு, "கமலா ஆரஞ்சு ஒன்றை டீ சாசரின் மேல் வையுங்கள், அதுதான் தோள்மூட்டு" என்றார். இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமானது. தோளின் கிண்ணமோ ஆழமற்றது. அதனால்தான் கையை எத்திசையிலும் சுழற்ற முடிகிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையமும், பந்தை இழுத்துப் பிடிக்க நான்கு சிறு தசைகளும் உண்டு. அத்தசைகள் களைத்தால் பந்து தன் இடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் உரசும். கனடா நாட்டு மருத்துவர்கள் கென்னடியும் ஹாக்கின்சும் 1974இலேயே இதற்கு 'நீச்சல்காரர் தோள்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அந்த அளவுக்குப் பழகிய நோய்.

இனி எழுதப்போவதை எழுத எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் பத்தாம் வகுப்பில், ஆகஸ்ட் மாதமே அவளுக்கு வலி தொடங்கியது. இரவில் வலப்பக்கம் படுக்க மாட்டாள். நாங்கள் தைலம் தேய்த்தோம், ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தோம். இன்பர்மரி சிஸ்டரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நவம்பர் போட்டிக்கு அனுப்பமாட்டார் என்று நாங்களே முடிவு செய்து, அவளையும் சொல்லவிடவில்லை. போட்டியன்று பள்ளி வேனில் மதுரைக்குப் போனோம். வேனின் மேல்தட்டிலிருந்து தன் பையை அவளால் எடுக்க முடியவில்லை. எங்களில் ஒருத்திதான் எடுத்துக் கொடுத்தாள். "ஒரே ஒரு ரேஸ்தாண்டி, பல்லைக் கடிச்சுக்கோ" என்றோம். நூறு மீட்டரில் இரண்டாம் இடம் வந்தாள். தொண்டை கட்டும்வரை கத்தினோம். குளத்தை விட்டு ஏறியவள், ஸ்வெட்டருக்குள் வலக்கையை நுழைக்க முடியாமல் நின்றாள். அப்போதும் நாங்கள் சான்றிதழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பரில் ஸ்கேன் எடுத்தபோது குருத்தெலும்பு வளையம் கிழிந்திருந்தது தெரிந்தது. உடனே கத்தி எடுக்கவில்லை. இப்படிப்பட்ட தோள்களில் பெரும்பாலானவை ஓய்விலும் உடற்பயிற்சியிலுமே தேறிவிடும் என்று சொல்லி, நான்கு மாதம் பிசியோதெரபி கொடுத்தார்கள். அவளுக்குத் தேறவில்லை. பொதுத்தேர்வு முடிந்து மே மாதம் அறுவை நடந்தது. சிறு துளைகள் வழியே கருவியைச் செலுத்தி, கிழிந்த விளிம்பை எலும்போடு தைத்தார்கள். "வலி வந்த உடனே நிறுத்தியிருந்தா ஒருவேளை இது தேவைப்பட்டிருக்காது" என்று மருத்துவர் அவள் அம்மாவிடம் சொன்னாராம். அந்த 'ஒருவேளை'யை அவள் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நாங்கள் சிரிக்கவில்லை.

ஜூனில் கைக்கட்டோடு வந்து சேர்ந்தாள். ஆறு வாரம் அது கழுத்திலேயே கிடந்தது. கோவிலில் இடக்கையால் சிலுவை அடையாளம் வரைந்தாள். அதைப் பார்த்து ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் நால்வரும் இடக்கையால் வரையத் தொடங்கி, சிஸ்டரிடம் பாடம் கேட்டுக்கொண்டார்கள். அவளுக்கு இரட்டைச் சடை பின்ன நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். பிசியோதெரபிஸ்ட் எழுதித் தந்த தாளை அலமாரிக் கதவில் ஒட்டினோம். முதலில் குனிந்து நின்று கையைக் கடிகார ஊசலைப்போல் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். எங்கள் அறைச் சுவரில் பென்சில் கோடுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான் (வார்டன் சிஸ்டர் மன்னிக்க). ஜூலை 20ஆம் தேதிக் கோடு தோள் உயரம்கூட இல்லை. சில வாரங்களில் கோடு ஏறவேயில்லை. குளிர் கூடிய நாள்களில் இறங்கியும் போனது. மூன்று மாதம் கழித்துத்தான் ரப்பர் பட்டையை இழுக்க அனுமதி கிடைத்தது. பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, அவளோடு நாங்களும் இழுத்தோம். எங்கள் தோள்களும் வலித்தன என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

"எப்போடி திரும்ப நீந்துவே?" என்று கேட்டுக் கேட்டு அவளை நச்சரித்தோம். "குறிஞ்சி பூக்கும்போது" என்றாள் ஒருநாள். நம் மலையில் 2018இல் பூத்தது, அடுத்தது 2030! அதன்பின் நாங்கள் கேட்கவில்லை. மாறாக, நூலகத்தில் அவளுக்கு ஆள் தேடினோம். அகமதாபாத்தின் மானா படேலுக்கு 2017இல் தோளில் காயம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் நீந்திய ஒரே பெண் அவர்தான். 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் 1 நிமிடம் 5.20 வினாடி. சஜன் பிரகாஷ் நம் மலைக்கு அடுத்த இடுக்கியில் பிறந்து, நெய்வேலியில் நீச்சல் கற்றவர். கழுத்து வட்டில் வந்த கோளாறு அவருடைய கைவலுவையே குறைத்தது. அதிலிருந்து மீண்டு 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் அவரே. "இவங்களுக்கெல்லாம் ஆபரேஷன் இல்லையேடி" என்று உதட்டைப் பிதுக்கினாள். அமெரிக்காவின் டாரா டோரஸைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். தோளில் அறுவை செய்துகொண்ட பின், 41 வயதில், 2008 பெய்ஜிங்கில் மூன்று வெள்ளி; அதில் 50 மீட்டரில் தங்கம் தவறியது 0.01 வினாடியில். அந்தப் பக்கத்தை மட்டும் கையால் எழுதி எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் வகுப்போடு ஏரிக்குப் போனோம். துடுப்புப் படகில் அவளைப் பின்பலகையில் உட்கார வைத்து நாங்கள் வலித்தோம். வட்டமடித்தோமே தவிர, படகு முன்னே போகவில்லை. அவள் இடக்கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே இருந்தாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது. "அந்த நவம்பர் மாசம் சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கணும், இல்ல?" என்றாள். 'சொல்லியிருக்கணும்' என்றுதான் சொன்னாளே தவிர, 'நீங்க சொல்லவிடலை' என்று சொல்லவில்லை. நாங்கள் துடுப்பை நிறுத்தினோம். அன்று மாலையே இன்பர்மரிக்குப் போய் சென்ற ஆண்டு நடந்ததையெல்லாம் சொன்னோம். சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. பழைய வெந்நீர்ப் பையை வாங்கிப் பார்த்து, "இதுலே ஓட்டை இருக்கே, புதுசு எடுத்துக்கோங்க" என்றார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் குளத்தில் இறங்கினாள். அதற்கு முன் தசரா விடுமுறையிலேயே பலகையைப் பிடித்துக் கால்களை மட்டும் உதைக்க அனுமதி கிடைத்திருந்தது. இம்முறை கைகளுக்கு. நான்கு நீளம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே நின்று மூச்சு வாங்கி. வாரத்துக்கு மூன்று நாள்தான்; வலித்தால் உடனே ஏறிவிட வேண்டும். மலைக்குத் திரும்பியபின் பட்டைப் பயிற்சியை ஒருநாளும் விடக்கூடாதாம். "நேரம் பார்த்தியா?" என்று எங்களில் ஒருத்தி வாய்தவறிக் கேட்டுவிட்டாள். "பார்க்கலை. பக்கத்துல நீந்தின குட்டிப் பசங்க என்னை முந்திட்டாங்க" என்றாள்.

போட்டியில் மறுபடி கலந்துகொள்வாளா என்று எங்களுக்குத் தெரியாது; அவளுக்கும் தெரியாது. சுவரில் கடைசிக் கோடு ஜன்னலின் மேல்விளிம்பைத் தொட்டிருக்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை, நாங்கள் எழுந்து பார்த்தபோது அவள் கண்ணாடி முன் நின்று தானே சடை பின்னிக்கொண்டிருந்தாள். வலப்பக்கச் சடை இடப்பக்கத்தைவிட நான்கு விரல் தாழ்ந்திருந்தது. அசெம்பிளிக்கு அப்படியே வந்தாள்.

— பதினோராம் வகுப்பு விடுதி மாணவியர்